உங்களுக்குத் தெரியுமா? தாய்க்கு நடையும் வேண்டும், உறக்கமும் வேண்டும்!

● மருத்துவர் தடை சொல்லாத கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தினம் அரை மணி நேரம், வாரத்தில் 5 நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும்.

● மிதமான வேகம் எது? நடந்துகொண்டே பேச முடியும். பாட மூச்சு போதாது.

● கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களிலும் இரத்தம் எளிதில் உறையும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தக்கட்டி உருவாகலாம். அடிக்கடி எழுந்து நாலு எட்டு நடங்கள்.

● கர்ப்பத்தில் 28 வாரங்களுக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவதே நல்லது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். நடுவில் விழித்து, மல்லாந்து கிடப்பது தெரிந்தால் பயப்பட வேண்டாம். திரும்பிப் படுத்தால் போதும்.

● பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் விட்டு விட்டுத்தான். பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்கட்டும். வீட்டு வேலையை மற்றவர்கள் பார்க்கட்டும்.

கவனம்: இரத்தப்போக்கு, தலைச்சுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.