உங்களுக்குத் தெரியுமா? மேடில்லாத சாலையில் வலிக்கும் முதுகு

● தஞ்சோங் காராங்கில் சைக்கிள் ஓட்டுவது சுலபம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சாவா செம்பாடானில் தொடங்கி செக்கிஞ்சான் வரைக்கும் வயல், வாய்க்கால், மறுபடி வயல். காலுக்குச் சுலபம்தான், பாடுபடுவது முதுகு. மேடு வந்தால் இருக்கையை விட்டு எழுந்து மிதிப்போம். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தி உடம்பை நீட்டிக்கொள்வோம். சமவெளியில் இந்த இரண்டு வாய்ப்பும் கிடையாது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 தடவை மடங்கி நீளும். இடுப்பு ஒரு தடவைகூட முழுசாக நிமிராது. ஏற்றம் வேண்டுமென்றால் கோல சிலாங்கூர் போய் புக்கிட் மெலாவத்தியைத்தான் தேட வேண்டும். ஆகவே, மேடு இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கையை விட்டு எழுந்து இருபது மிதி மிதியுங்கள். இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

● மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்து வைக்கும். வெயில் ஏறினால் நீரிணைப் பக்கமிருந்து கடற்காற்று கிளம்பிவிடும். காற்றே அசையாத நாளில்கூட, மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 30-க்கு வேகத்தைக் கூட்டினால் காற்றைக் கிழிக்க மட்டும் மூன்று மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். எதிர்க்காற்று என்றால் கேட்கவே வேண்டாம். உடம்பு தானாகக் குனியும். குனிந்த பிறகு சாலை தெரிய வேண்டுமே! கழுத்து ஆமைபோல முன்னே நீண்டு மேலே நிமிரும். ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை அந்தக் கோணத்தில் பிடித்துக்கொண்டிருப்பவை பிடரித் தசைகள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தலையை மேலே கீழே ஆட்டாமல், முகவாயை மட்டும் நேராகப் பின்னால் இழுங்கள். இரட்டைத் தாடை விழும். ஐந்து விநாடி, பத்துத் தடவை. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

● தோட்டத்துத் தாத்தாக்களின் இரும்புச் சைக்கிளில் கைப்பிடி இருக்கையைவிட உயரம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அது. ஆனால் அவர்கள் முதுகு தாக்குப்பிடித்ததற்கு வண்டி மட்டும் காரணமில்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் சைக்கிளில் போனவர், இறங்கியதும் பால்மரம் வெட்ட மரத்துக்கு மரம் நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், வாளி தூக்கினார். அவருக்கு நாளில் நூறு நிலைகள். (வலியே இல்லை என்று சொல்லவில்லை. காண்டாக் கம்பு சுமந்த தோள் வேறு கதை சொல்லும்.) இன்றைக்கு வார இறுதியில் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானிலிருந்து வருகிறவர், வாரம் முழுக்க அலுவலக நாற்காலியில் இருந்தவர். பிறகு கார் இருக்கை. சைக்கிள் அவருக்கு மூன்றாவது நாற்காலி.

● தொடையைத் தூக்கும் முக்கியமான தசை ஒன்று தொடையிலிருந்து தொடங்குவதில்லை. கீழ்முதுகு எலும்புகளில் பிடித்துக்கொண்டு, இடுப்புக்குள் இறங்கி, தொடையெலும்பில் போய் ஒட்டுகிறது. மூன்று நாற்காலியிலும் மடங்கியே கிடந்தால் அது இறுகும். நிமிர்ந்து நிற்கும்போது கீழ்முதுகைப் பிடித்து முன்னே இழுக்கும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னால் வைத்து அரைமண்டி போடுங்கள். முழங்கால் ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கிக்கொண்டு உடம்பை ஒரு சாண் முன்னே நகர்த்துங்கள். பக்கத்துக்கு 30 விநாடி. பலரும் இங்கே முதுகை வில்லாக வளைத்து, ‘நல்லா இழுக்குது’ என்று சந்தோஷப்படுகிறார்கள். இழுபடுவது வேறு இடம்.

● அந்த அரைமண்டிக்கு ஜோடிப் பயிற்சி சேதுபந்தாசனம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. இடுப்பின் முன்பக்கம் இறுகினால் பிட்டத் தசை சோம்பிப் போகும். அதை எழுப்ப இது போதும்.

● பயிற்சியால் தீராத சில வலிகள் ஸ்பானரால் தீரும். இருக்கை உயரத்தைப் பாருங்கள். குதிகாலை மிதியின் மேல் வைத்து, மிதி கீழ்க்கோடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் சின்ன மடிப்பு விழும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு. இடுப்பு இடமும் வலமும் ஆடினால் உயரம் அதிகம். 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் ஆராய்ந்து, இருக்கை உயரம் உட்கால் நீளத்தில் 109 விழுக்காடு என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். நாடா எடுக்கச் சோம்பலாக இருந்தால் குதிகாலே போதும்.

● ஓட்டி முடித்ததும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகிறதா? மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் ஒரு குறுகிய சந்து வழியாக நரம்பு போகிறது. 1861-இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஃபெலிக்ஸ் கியோனின் பெயர்தான் அந்தச் சந்துக்கு. கைப்பிடி அங்கே அழுத்துகிறது. ஏன் அழுத்துகிறது? உடம்பைத் தாங்க வேண்டிய வயிற்று, முதுகுத் தசைகள் வேலையைக் கைக்குத் தள்ளிவிடுகின்றன. நாலு காலில் நின்று வலக்கையையும் இடக்காலையும் ஒருசேர நீட்டி, பிறகு மாற்றிச் செய்யும் பயிற்சி அந்தத் தசைகளுக்குத்தான். ஓட்டும்போது முழங்கையை விறைக்காதீர்கள். மரப்பு மறுநாளும் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

● டயருக்குக் கல்லாகக் காற்றடிப்பதும் கைக்குக் கேடு. செம்பனைத் தோட்டத்துக் கல்பாதையின் அதிர்வெல்லாம் உள்ளங்கைக்கு வரும். 1887-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்று டயர் செய்ததே, மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடத்தான். சைக்கிள் டயரும் பின்னால் வந்த கார் டயரும் கிளப்பிவிட்ட ரப்பர் பசிதான் நம் முன்னோர் பலரைக் கப்பலேற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது.

● 1956. நியூசிலாந்தின் வெல்லிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவர், முதுகிலிருந்து கால்வரை வலித்த ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் தூக்கியே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அந்த மனிதர் முதுகு பின்னால் வளைந்தபடி கிடந்தார். திரும்பி வந்த மருத்துவர் பதறிப்போக, நோயாளியோ பல வாரத்தில் இப்போதுதான் தேவலை என்றார். அந்தத் தற்செயலிலிருந்து ஒரு சிகிச்சை முறையே வளர்ந்தது. நம் வீட்டில் அந்த நிலைக்குக் கிட்டத்தட்ட இன்னொரு பெயர் உண்டு: புஜங்காசனம். இரண்டு மணி நேரம் முன்னால் வளைந்த முதுகை எதிர்ப்பக்கம் வளைப்பது. அப்போது காலுக்குள் வலி இறங்கினால் நிறுத்திவிடுங்கள். எல்லா முதுகும் வெல்லிங்டன்காரர் முதுகல்ல.

● செக்கிஞ்சான் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு, குனிந்து, கைப்பேசியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்கிறார்கள். நான்காவது நாற்காலி! தே தாரிக்கை நின்றுகொண்டே குடித்தால் கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.