சி.ஏ ஃபைனல்: கடைசி மாத ரிவிஷனைத் தீர்மானிக்கும் 45 மணி நேரம்!

"எல்லாத்தையும் படிச்சுட்டேன்மா... ஆனா, எதுவுமே ஞாபகத்துல இல்லாத மாதிரி இருக்கு!"

ஆடிட்டர் கனவோடு சி.ஏ ஃபைனல் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், தேர்வு நெருங்கும்போது கேட்கும் புலம்பல் இது. பயம் வேண்டாம். ஆறு பேப்பர்களையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க யாராலும் முடியாது. அதற்குத் தேவையும் இல்லை.

அதென்ன 45 மணி நேரம்?

ஃபைனல் தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்குகிறது. மூன்று மணி நேரப் பேப்பரை முடித்து வெளியே வரும்போது மாலை 5 மணி. பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அடுத்த பேப்பர். ஆக, இடையில் கிடைப்பது 45 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 14 மணி நேரம்; சாப்பாடு, பயணம், ஓய்வுக்கு 9 மணி நேரம். மிஞ்சுவது 22.

மாதக்கணக்கில் படித்த ஒரு பாடத்தை இந்த 22 மணி நேரத்துக்குள் புரட்டி முடிக்க வேண்டும். அதற்கேற்ப ஒவ்வொரு பாடத்தையும் சுருக்கி வைப்பதுதான் கடைசி மாத ரிவிஷனின் வேலை.

30 நாள் திட்டம்

இரண்டு குரூப்பும் எழுதுபவர்கள், முதல் 18 நாள்களில் பேப்பருக்கு மூன்று நாள் வீதம் முதல் சுற்றை முடிக்கலாம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் திரும்பப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 22 மணி நேரத்தைத் தாண்டுகிறதா? அந்தக் குறிப்புகளை இன்னும் சுருக்க வேண்டும்.

அடுத்த 9 நாள்களில், பேப்பருக்கு ஒன்றரை நாள் வீதம் இரண்டாவது சுற்று. இதை ஆறாவது பேப்பரில் தொடங்கி முதல் பேப்பரில் முடியுங்கள். முதலில் எழுதப்போகும் பாடம் மனதில் புதிதாக இருக்கும். மீதமுள்ள மூன்று நாள்களை, விட்டுப்போனவற்றைப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மார்க் படுத்தும் பாடு

ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப்பின் மொத்த மதிப்பெண்ணில் 50 சதவிகிதம். இரண்டும் இருந்தால்தான் பாஸ். 49, 45, 55 எடுத்தவருக்கு மொத்தம் 149. ஒரே மார்க்கில் குரூப் போய்விடும். 65, 60, 38 எடுத்தவருக்கு மொத்தம் 163 இருந்தும் அதே கதிதான். ஆனால், 60-ஐத் தொட்ட பேப்பர்களை அடுத்த முறை எழுதத் தேவையில்லை. குரூப்பின் எல்லாப் பேப்பர்களையும் எழுதியிருந்தால்தான் இந்தச் சலுகை. எனவே, ஒரு பேப்பர் சொதப்பிவிட்டது என்று அடுத்ததை எழுதாமல் விடவே கூடாது.

பிடித்த பாடத்திலேயே மூழ்காமல், 40-ஐத் தொடத் தடுமாறும் பாடத்துக்குக் காலை நேரத்தை ஒதுக்குங்கள்.

இவற்றை மறக்காதீர்கள்

* பெரும்பாலான பேப்பர்களில் 30 மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்கு. தவறான விடைக்கு மார்க் குறைக்கப்படாது. ஒன்றைக்கூட விடாதீர்கள்.

* வருமான வரி, ஜி.எஸ்.டி பாடங்களில் உங்கள் தேர்வுக்கு எந்தத் திருத்தங்கள் பொருந்தும் என்பதை ஐ.சி.ஏ.ஐ-யின் ஆர்.டி.பி-யில் பாருங்கள். ஆர்.டி.பி, மாதிரித் தேர்வுத் தாள்கள் எல்லாம் ஐ.சி.ஏ.ஐ இணையதளத்தில் இலவசம்.

* மாதிரித் தேர்வை மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து, பேனா பிடித்து எழுதுங்கள். வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும்; எழுதும்போதுதான் ஓட்டை தெரியும்.

* ஆறாவது பேப்பருக்குப் புத்தகம் கொண்டுபோகலாம். எது எந்தப் பக்கத்தில் என்று தெரியாவிட்டால் புத்தகம் வெறும் சுமைதான். அடையாளச் சீட்டுகளை இப்போதே ஒட்டிவிடுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு...

தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் "எப்படி எழுதின?" என்று கேட்டுத் துருவ வேண்டாம். விடை சரிபார்த்தே ஒரு மாலை போய்விடும். சூடாகச் சாப்பாடு போட்டுத் தூங்க விடுங்கள். அந்த 45 மணி நேரத்தில் வீடு செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்!