இயங்குதளம் மாறுவோர் படும் பாடு

கணிப்பொறியை இயக்குகின்ற அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விசையை அழுத்தினால் திரையில் எழுத்துத் தோன்றுவதும், எழுதியதைச் சேமித்து வைப்பதும், அச்சுப்பொறிக்கு அனுப்புவதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. வீட்டிற்கு அடித்தளம் எவ்வாறோ அவ்வாறே அதுவும் கண்ணுக்குப் புலப்படாமல் நின்று தாங்குகிறது. அதனை மாற்ற முற்படும்போதுதான் அதன்மேல் எத்தனை காரியங்கள் நின்றுகொண்டிருந்தன என்பது நமக்குத் தெரியவருகிறது.

இம்மாற்றம் இன்று பலருக்கும் விரும்பாமலே வந்து வாய்த்திருக்கிறது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய பொறிகள் பல இத்தேர்வில் தேறுவதில்லை. புதுப் பொறி வாங்க மனமில்லாதோர் லினக்ஸின் பக்கம் திரும்புகின்றனர். 1991-இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த மூலத்தின்மேல் எழுந்த குடும்பம் அது. உபுண்டு அதில் ஒன்று. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் மற்றொன்று. இவற்றை விலையின்றிப் பெறலாம். ஆனால், விலையில்லை என்பதனால் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பொறுமை நிரம்பச் செலவாகும்.

முதல் வாரத்தில் தலைவலி தருவன பெரும்பாலும் சிறு செய்திகளே. சி, டி என்று வட்டுகளுக்குப் பெயரிட்டு வழங்கிய பழக்கம் அங்கே இல்லை; எல்லாக் கோப்புறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் தொடங்கும் கோப்புப் பெயரும் சிறிய எழுத்தால் தொடங்கும் அதே பெயரும் இரு வேறு கோப்புகளாகக் கொள்ளப்படும். (பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே அறியாத தமிழில் பெயரிடுவோருக்கு இத்தொல்லை இல்லை.) படியெடுப்பதற்கு நாம் வழக்கமாக அழுத்தும் விசைகளைக் கட்டளைச் சாளரத்தில் அழுத்தினால், படியெடுப்பதற்கு மாறாக, ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுபோகும். இவையெல்லாம் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும். இவற்றைச் சொல்லி லினக்ஸைப் பழிப்பது, புது வீட்டில் விளக்கின் பொத்தான் வேறு சுவரில் இருக்கிறது என்று வீட்டைப் பழிப்பது போன்றதாகும்.

தமிழில் எழுதுவோருக்கு நேரும் இடர் இதனினும் ஆழமானது. நம்மவர் பலர் அழகி, என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை ஆகிய மென்பொருள்களைக் கொண்டு தமிழை உள்ளிட்டுப் பழகியவர்கள். அவை விண்டோஸுக்கென அமைந்தவை. லினக்ஸுக்குக் குடிபெயரும்போது அவை உடன் வருவதில்லை. அதனால் அங்கே தமிழே எழுத இயலாது என்று முடிவுகட்டித் திரும்பிவிடுவோரும் உண்டு. அம்முடிவு தவறு. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பை நிறுவி, அதனோடு எம்17என் என்ற தொகுதியைச் சேர்த்துவிட்டால், தமிழ்99, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகிய முறைகள் அனைத்தும் கிடைக்கின்றன.

எம்முறையைத் தேர்ந்துகொள்வது என்பது அவரவர் விரல்களைப் பொறுத்தது. பழைய தட்டச்சுப்பொறியில் கொம்பை முதலில் இட்டு, எழுத்தைப் பின்னர் இடுவோம். தமிழ்99 முறையில் மெய்யெழுத்து விசை முன்னும் உயிரெழுத்து விசை பின்னுமாக வரும். உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. புதிதாகக் கற்போருக்கு இதுவே எளிது என்பது எம் கருத்து. ஆயினும், தில்லியிலோ போபாலிலோ அலுவலகத்தில் இன்ஸ்கிரிப்ட் வழியாக இந்தி தட்டச்சு செய்து பழகியவர்கள் வேறெதையும் தேட வேண்டியதில்லை. அம்முறையில் இந்திய எழுத்துகளுக்கெல்லாம் விசையிடம் பொது. இந்தியின் ககரம் எந்த விசையில் உள்ளதோ, தமிழின் ககரமும் அதே விசையில் உள்ளது.

இனி, யாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருவோம். ஒருங்குறி என்னும் பொதுக் குறியீட்டு முறையில் தமிழ் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் நெடுங்காலம் நாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களிலேயே எழுதிவந்தோம். அவற்றில் கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே. அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் போர்வை நீங்கிவிடும். பாமினியில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் திரையில் நிற்கும்.

தமிழ்நாட்டில் இருப்போருக்கு இதனைச் சரிசெய்து தரும் அச்சகத்தார் பக்கத்துத் தெருவில் கிடைக்கக்கூடும். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அந்த வசதி அரிது. பழுதுபார்க்க வருபவர் அக்குழப்பத்தைக் கண்டு, கெட்டுப்போன கோப்பு என்று கருதி அழித்துவிட்டால் வியப்பதற்கில்லை. தமிழ்ச் சங்கத்தின் இருபதாண்டு நடவடிக்கைக் குறிப்புகளும், ஊரிலுள்ள பெரியவர்கள் சொல்ல எழுதிவைத்த குடும்ப வரலாறும் இத்தகைய கோப்புகளில் உறங்கக்கூடும். அவற்றிற்கு வேறு படி இருப்பதும் ஐயமே.

ஆதலின், பழைய இயங்குதளம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அக்கோப்புகளைத் திறந்து, எந்த எழுத்துருவில் எழுதப்பட்டவை என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறியீட்டு மாற்றி ஒன்றைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழெனக் கொண்டு சிதைத்துவிடும்; அவற்றைக் கையாலேயே திருத்த வேண்டும். மூலம், மாற்றிய படி, எழுத்துருக் கோப்பு ஆகிய மூன்றையும் தனி வட்டு ஒன்றில் சேர்த்துவைக்க வேண்டும்.

அதன்பின், உபுண்டுவை ஒரு விரலியில் ஏற்றி, பொறியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி இணங்குகிறதா என்று அப்போதே சோதிக்க வேண்டும். பக்க எண்ணையும் கவனிக்க வேண்டும்: விண்டோஸின் லதாவோ நிர்மலாவோ அங்கு இல்லாமையால் வேறு எழுத்துரு வந்து அமர, பன்னிரண்டு பக்க ஆவணம் பதின்மூன்றாக நீளக்கூடும். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள எம் போன்றோருக்கு இது சிறு செய்தியன்று. மின்கையொப்பத்திற்குரிய விரலியைப் பயன்படுத்துவோர், அதனை வழங்கியவரிடம் லினக்ஸுக்கான மென்பொருள் உண்டா என்று முன்னதாகக் கேட்டறிவது நலம். இல்லையெனில், அந்த ஒரு வேலைக்காகப் புதிய விண்டோஸ் உள்ள வேறொரு பொறியை நாடவேண்டியிருக்கும்.