காற்று தள்ளும் கடல்

குழந்தைகளே, புயல் என்றதும் சாயும் மரமும் பறக்கும் கூரையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கடலோரத்தில் அதைவிடக் கொடியது, காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது அதுதான். பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் விழுங்கியது.

கடல் எப்படி ஊருக்குள் ஏறுகிறது? புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும். வழக்கமான 1013 மில்லிபார், புயலின் மையத்தில் 970 ஆகக் குறைந்தால் 43 செ.மீ. உயர்வு. இது சிறிய பங்குதான். பெரிய பங்கு காற்றுடையது. மணிக்கணக்கில் கரையை நோக்கி வீசும் காற்று நீரைக் குவிக்கிறது. ஆழ்கடலில் அந்த நீர் அடிவழியே திரும்பிப் போய்விடும். பாக் நீரிணை போன்ற ஆழமில்லாத கடலில் அதற்கு இடமில்லை, கரையில்தான் ஏறும். அதன் மேல் அலைகள் வேறு!

முகத்துவாரத்தில் கடல் இப்படி உயர்ந்து நின்றால் ஆற்று வெள்ளம் வடியாது. பின்னால் தேங்கிக் கரையை உடைக்கும். அதனால் ஆற்றங்கரையும் புயல் நாளில் ஆபத்துதான். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ. அதன் வேகம் இரு மடங்கானால், தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் வெள்ளம் முழங்கால் அளவுதானே என்று தரைப்பாலத்தில் இறங்கவே கூடாது.

வானம் தெளிவாக இருந்தாலும் கடலை நம்பிவிட முடியாது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல் எழுப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, காற்றே இல்லாத நாளில் நம் கரையில் மோதும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

எச்சரிக்கை வந்துவிட்டால் அலை பார்க்கவும் படம் எடுக்கவும் போகாதீர்கள். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்கள் மீது ஏறாதீர்கள், பாசி வழுக்கும். யாராவது நீரில் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு, காலி பிளாஸ்டிக் குடம், மூடிய கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். சத்தம்போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 112-ஐ அழையுங்கள்.