நம்பிக்கையும் நம்பகக் கடமையும்

'நம்பிக்கை' என்பது அன்றாடத் தமிழில் ஒரு மனநிலையைக் குறிக்கும் சொல். சட்டத்துறையில் 'நம்பகக் கடமை' என நாம் வழங்குவதோ மனநிலையன்று. தன்னலத்தை ஒதுக்கிப் பிறர் நலத்துக்காகவே செயற்படுவதாக ஒருவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. முன்னது நம்புகிறவரிடம் தோன்றுவது. பின்னது நம்பப்படுகிறவர் ஏற்பது. இவ்வேறுபாட்டின் விளைவை அண்மைய வழக்கொன்று தெளிவாக்குகிறது.

பிரிட்டனில் பழைய கார்களைத் தவணைக்கடனில் வாங்கிய மூவர் வழக்குத் தொடுத்தனர். கார் விற்றவர்களே கடனையும் ஏற்பாடு செய்து, கடன் நிறுவனங்களிடம் தரகு பெற்றிருந்தனர். தரகின் முழு விவரம் வாங்கியவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. விற்பனையாளர் வாடிக்கையாளருக்கு நம்பகக் கடமைப்பட்டவர் என 2024 அக்டோபர் 25ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளோஸ் பிரதர்ஸ், ஃபர்ஸ்ட்ராண்ட் ஆகிய கடன் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை நாடின.

2025 ஆகஸ்டு 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. விற்பனையாளர் தம் இலாபத்தை நாடிப் பேரம் பேசுபவர். கடன் ஏற்பாடும் அவ்விற்பனையின் ஒரு பகுதியே. தம் நலத்தைத் துறப்பதாக அவர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ ஏற்கவில்லை. வாடிக்கையாளர் அவரை நம்பியதனால் மட்டும் நம்பகக் கடமை பிறந்துவிடாது.

எனினும் மறைத்தல் குற்றமற்றதாகிவிடவில்லை. மூவருள் ஒருவர் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின்கீழ் வென்றார். அவர் வழக்கில் தரகு 1,650.95 பவுன்; கடனுக்கான மொத்தக் கட்டணத்தில் அது 55 விழுக்காடு. அக்கடன் உறவு நியாயமற்றதெனக் கண்ட நீதிமன்றம், தரகுத் தொகையை வட்டியுடன் அவருக்கு வழங்க ஆணையிட்டது.

இதற்கு மாறான உறவை நம் வரலாற்றிலேயே காணலாம். செட்டிநாட்டு நகரத்தார் முதலாளிகள் மலாயாவின் வட்டிக்கடைகளுக்கு முகவர்களை அனுப்பினர். கடல் கடந்திருந்த முதலாளியின் பணத்தை அவர் பெயரால் ஆண்ட முகவர், அவர் நலத்தையே பேணவேண்டியவர். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் இதனை ஏற்கிறது: முதல்வர் அறியாமல் முகவர் தம் பொருட்டு வணிகம் செய்து பெற்ற ஆதாயத்தை முதல்வர் கோரலாம் என்கிறது 169ஆம் பிரிவு.

பிரிட்டிஷ் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டம் ஆங்கிலேய நியாய நெறிகளுக்கு இங்கு இடமளித்திருப்பதால், அதன் வாதங்கள் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்திலும் எடுத்துரைக்கப்படலாம்.

எனவே ஆசிரியர்கள் இக்கலைச்சொல்லை 'நம்பிக்கை' என்று சுருக்கலாகாது. அச்சுருக்கம் விற்பவரையும் முகவரையும் ஒன்றாக்கிவிடும். 'கடமை' என்னும் பின்சொல்லே பொருளைத் தாங்குகிறது. கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் மாணவர் கேட்கவேண்டிய வினாவும் அதிலேயே அடங்கியுள்ளது: இவரை நான் நம்புகிறேனா என்பதன்று, இவர் யாருக்காகச் செயற்படுகிறார் என்பதே.