முகம் தெரிகிறது, பத்திரம் யார் பெயரில்?

2022 பிப்ரவரி 13. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் இங்கிள்வுட் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி. இடைவேளை மேடையில் டாக்டர் ட்ரே, ஸ்னூப் டாக், மேரி ஜே. பிளைஜ், கென்ட்ரிக் லமார், 50 சென்ட், எமினெம் ஆகியோர் சேர்ந்து பாடினார்கள். ஆறு பேரில் எமினெம் மட்டும்தான் வெள்ளையர். சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள்.

அதற்குச் சில நாட்கள் முன்னால் ஒரு செய்தி வந்திருந்தது. டெத் ரோ ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தின் பெயரை ஸ்னூப் டாக் விலைக்கு வாங்கிவிட்டார். 1993இல் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம் அது. தன் பாட்டால் புகழ் பெற்ற நிறுவனத்தின் பெயரையே ஒரு பாடகர் கிட்டத்தட்ட 30 வருடம் கழித்துக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

திரையில் யார் முகம் தெரிகிறதோ அவர்தான் முதலாளி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஹிப்ஹாப் விஷயத்தில் இந்தத் தவறான எண்ணம் அநேகமாக எல்லோருக்கும் உண்டு. கழுத்தில் தங்கச் சங்கிலி, பின்னால் வரிசையாகக் கார்கள். அப்படிப்பட்ட பாட்டு வீடியோவைப் பார்த்தால் வேறு எப்படித்தான் தோன்றும்? அந்த வீடியோ எடுத்த செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பது மட்டும் வீடியோவில் வராது.

முகம் தெரிவதுகூட எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1981இல் தொடங்கிய எம்டிவி, தன்னை ராக் இசைக்கான சேனல் என்று சொல்லிக்கொண்டு கறுப்பினக் கலைஞர்களை மிக அரிதாகவே காட்டியது. 1983இல் பேட்டிக்கு வந்த வெள்ளைக்காரப் பாடகர் டேவிட் போவி, இது ஏன் என்று தொகுப்பாளரை நேருக்கு நேர் கேட்டார். 1989இல் கிராமி விருதுகளில் முதன்முறையாக ராப் பாடலுக்கென்று ஒரு பரிசு வைத்தார்கள். ஆனால் அதைக் கொடுக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. பரிசு பெற்ற ஜாஸி ஜெஃபும் வில் ஸ்மித்தும் விழாவுக்கே போகவில்லை.

1991இல் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அதுவரை பில்போர்ட் பத்திரிகை, எந்த ஆல்பம் நன்றாக விற்கிறது என்று கடைக்காரர்களைக் கேட்டுத்தான் தரவரிசை போட்டது. கடைக்காரர் மனதில் எது பெரிய ஆல்பமோ அது மேலே வரும். அந்த ஆண்டு மே மாதம், கடைகளில் பார்கோடு வழியாகப் பதிவான உண்மை விற்பனையை எண்ண ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. வானொலி அநேகமாகத் தொடாத குழு அது. ஜனங்கள் முன்பிருந்தே ராப் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணியவர்கள்தான் சரியாக எண்ணவில்லை.

சரி, முகம் தெரிந்துவிட்டது, எண்ணிக்கையும் வந்துவிட்டது. பணம் எங்கே போகிறது? இதற்கு ஒரு அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. அது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது. அந்தப் பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று; தொழிலில் இதை மாஸ்டர் என்பார்கள். இளையராஜா பாடல்களின் உரிமை வழக்குகளைச் செய்தித்தாளில் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு ஓரளவு பழகியிருக்கும். மாஸ்டர் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். பாடகர் புதிதாக வரும்போது போடும் ஒப்பந்தத்தில், முன்பணத்துக்கு ஈடாக அதை எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

முன்பணம் என்றதும் நமக்குக் காய்கறி மண்டி ஞாபகம் வரட்டும். விதைப்புக்கு மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, விளைந்ததை அவரிடமே கொண்டுபோய்ப் போடுகிறார். வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, கமிஷன் எல்லாம் கழித்து, வாங்கிய கடனையும் கழித்து, கடைசியில் துண்டுச்சீட்டில் நிற்பது சொற்பம். இசை ஒப்பந்தமும் அப்படித்தான். ஸ்டுடியோ செலவும், பெரும்பாலும் வீடியோ செலவில் ஒரு பகுதியும், பாடகரின் பங்கிலிருந்தே பிடிக்கப்படும். அந்தப் பங்கே விற்பனையில் சிறு சதவீதம்தான். ஒரு விஷயத்தில் மட்டும் விவசாயியின் நிலை மேல்: கடன் தீர்ந்ததும் நிலம் அவருடையதாகவே இருக்கிறது. பாடகர் செலவு முழுவதையும் அடைத்த பிறகும் மாஸ்டர் நிறுவனத்திடமே இருக்கும்.

டிஎல்சி என்ற மூன்று பெண்கள் குழுவின் 1994 ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1995இல் அவர்கள் திவால் மனு கொடுத்தார்கள். மறு ஆண்டு கிராமி பரிசை வாங்கிய கையோடு பத்திரிகையாளர்களிடம், இத்தனை விற்றும் எங்களிடம் பணம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். கணக்கு தெரியாதவருக்கு அது நம்பக்கூடிய செய்தியே இல்லை.

ஹிப்ஹாப்பில் இதற்கு அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில், தங்கை நடத்திய விருந்துக்குப் பாட்டுப் போட்டார் ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பல் என்னும் டிஜே கூல் ஹெர்க். பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் ஆடுபவர்கள் துள்ளுகிறார்கள் என்று அவர் கவனித்திருந்தார். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றதில் தொடங்கி, சில நொடித் துண்டை நிமிடக்கணக்கில் நீட்டும் முறை அவருடையது. பின்னால் இயந்திரங்கள் அதே வேலையைச் சுலபமாக்கின. பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டுக்கு அடித்தளமாகப் போடுவதைச் சாம்பிளிங் என்றார்கள்.

அந்தத் துண்டில் டிரம்ஸ் வாசித்தது யார்? பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்ற கறுப்பின டிரம்மர் இருந்தார். ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற 1970 பாட்டில் அவர் தனியாக வாசிக்கும் சில நொடிகள், பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் எடுத்தாளப்பட்டன. பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் ‘ஃபைட் தி பவர்’ அவற்றில் ஒன்று. ஆனால் தட்டில் பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் இருந்தது ஜேம்ஸ் பிரவுனின் பெயர் மட்டும். தாளத்தை உருவாக்கியவருக்கு எழுதியவர் என்ற தகுதியைத் தரும் வழக்கம் இல்லை. மாஸ்டரும் அவருடையது அல்ல. அவர் சம்பளத்துக்கு வாசித்தவர். உலகம் முழுவதும் ஒலித்த கைகளுக்கு ராயல்டி என்று ஏறக்குறைய எதுவுமே வரவில்லை. 2017இல் அவர் காலமானார். நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது.

சாம்பிளிங்குக்கு முறையாக அனுமதி வாங்க வேண்டும் என்று 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் மீதான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அனுமதிப் பணம் போவது அந்த இரண்டு சொத்துகளை வைத்திருப்பவர்களுக்கு, டிரம்மருக்கு அல்ல. டி லா சோல் என்ற ராப் குழுவின் 1989 ஆல்பம் சாம்பிள்களாலேயே நெய்யப்பட்டது. அந்தக் கால அனுமதிகள் இணையத்துக்குப் பொருந்துமா என்ற சிக்கலாலும் நிறுவனத்துடனான பிணக்காலும், ஸ்ட்ரீமிங் வந்து பல ஆண்டுகள் ஆகியும் அவர்களுடைய பழைய ஆல்பங்களை அங்கே கேட்க முடியவில்லை. 2023 மார்ச் 3 அன்றுதான் வந்தன. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு இறந்துபோனார்.

இப்போது ஸ்னூப் டாக் செய்தது புரிந்திருக்கும். டெத் ரோ திவாலாகிக் கைமாறிக் கைமாறி, கொஞ்ச காலம் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியிடம்கூட இருந்தது. கறுப்பின இளைஞர்கள் தங்கள் தெருவைப் பற்றிப் பாடிய பாட்டுகள், பொம்மைக் கம்பெனியின் சொத்துப் பட்டியலில்! இதை முன்கூட்டியே கணித்தவர்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மாஸ்டர் பி என்ற ராப் பாடகர், 1996இல் பிரயாரிட்டி ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்துடன் பேசியபோது, கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுத்தார். மாஸ்டர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அப்படிச் செய்ய முடியாதவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. 1976இல் இயற்றிய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, 1978 முதல் எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துப் படைப்பாளி திரும்பப் பெறலாம். குறைந்தது 2 வருடம் முன்பே அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் நிறுவனத்தின் ஊழியராக இருந்து செய்துகொடுத்த வேலைக்கு இந்த உரிமை கிடையாது. அதனால் பாட்டு ஊழியர் வேலைதான் என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. 2024இல் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில் மயாமி நடுவர் குழு கலைஞர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1989, 1990இல் வந்த ஆல்பங்கள் 35 வருடத்தைத் தாண்டிவிட்டன. 1994இன் ஒப்பந்தங்களுக்கு 2029 வரை காத்திருக்க வேண்டும். 2029இலேயே திரும்பப் பெற வேண்டுமானால் அறிவிப்புக் கடிதம் 2027க்குள் போய்ச் சேர வேண்டும்.