அடிமனையை வாங்கித் தருகிறேன் என்று வருபவர்

சம்மன் கைக்கு வந்ததிலிருந்து ஒரு மாதம். அடிமனை வாடகையில் வீடு கட்டிக் குடியிருப்பவர் மீது நிலத்துக்காரர் வெளியேற்ற வழக்குப் போட்டால், 'நிலத்தை எனக்கே விற்க உத்தரவிடுங்கள்' என்று மனுப்போட 1921-ஆம் ஆண்டு சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 9 தரும் கெடு அது. ராயபுரத்து வாசகர்களின் கடிதங்களில் குழப்பம் வேறொன்றில்: 'நான் முடித்துத் தருகிறேன், மனையில் கால்வாசி எனக்கு' என்பவரை நம்பலாமா?

பிரிவு 9 முழு மனையையும் தருவதில்லை. குத்தகைதாரர் வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்தபட்சப் பரப்பு எவ்வளவு என்று நீதிமன்றம் முதலில் முடிவுசெய்யும். அதற்கு மட்டும், உத்தரவுக்கு முந்தைய மூன்றாண்டுச் சந்தை மதிப்பின் சராசரியை விலையாக வைக்கும். மீதி நிலம் உரிமையாளருக்கே திரும்பும். பெரும்பாலும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் வந்து அளந்து அறிக்கை தருவார்.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். கால்வாசியை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, முழுப் பரப்பும் எனக்கு அவசியம் என்று எப்படி வாதிடுவது? அந்த ஒப்பந்தம் எதிர்த்தரப்பு கையில் கிடைத்தால், அந்தக் கால்வாசி உங்களுக்குத் தேவையில்லை என்பதற்கு நீங்களே கையெழுத்திட்ட சாட்சி அது. கூலியாக மனையைக் கேட்பவரின் ஆதாயமும் உங்கள் வழக்கின் பலமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இதை அவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

வழக்கறிஞர் இப்படிக் கேட்கவே கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. 2017-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. தரகரைக் கட்டுப்படுத்த அப்படி ஒரு விதி இல்லை. ஆகவே பங்கு பேசுவது தரகர், வக்காலத்தில் கையெழுத்திடுவது வேறொருவர் என்றிருந்தால், இருவருக்குள் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். 'அரசு அங்கீகாரம் பெற்றவர்' என்ற பலகைக்கும் மயங்காதீர்கள். ஆவண எழுத்தருக்குப் பதிவுத்துறை தரும் உரிமம் பத்திரம் எழுதத்தான். அவர் சொல்லும் யோசனைக்கு அது உத்தரவாதம் அல்ல. ரியல் எஸ்டேட் முகவர் பதிவு, பதிவான புதிய திட்டங்களில் விற்பவருக்கானது.

இங்கிலாந்தில் இதுபோன்ற உரிமை 1967-இல்தான் வந்தது. ஆனாலும் அங்கே இந்த வேலையைச் செய்வோருக்கென்றே 2007-இல் நடத்தை விதிகளோடு ஒரு சங்கம் உருவாகிவிட்டது. நூறாண்டுச் சட்டம் வைத்திருக்கும் நமக்கு அது ஏன் தோன்றவில்லை?

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்கு வருவோம். விலையைக் கட்டத் தவணை உண்டா? உண்டு; நீதிமன்றம் மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை அவகாசம் தரலாம், தவறினால் மனு தள்ளுபடியாகும்.

பத்திரச் செலவு? குத்தகைதாரருடையது.

வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டிருந்தால்? நேரடி அனுபவம் இல்லை என்ற வாதம் வரும். மனுவுக்கு முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

திருவொற்றியூர் கோயில் மனை? 1996 திருத்தத்துக்குப் பின் சமய நிறுவன நிலங்களுக்குப் பிரிவு 9 பொருந்தாது. அதன் பெயரில் முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.